வெந்நீர் ஹீட்டரின் புகைக்குழாய்: எத்தனை அங்குலம்?

டொராண்டோவில் பழைய செங்கல் வீடு வாங்கியவர்களின் பேஸ்மென்ட்டில் பெரும்பாலும் இரண்டு சாமான்கள் அருகருகே நிற்கும். ஒன்று, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். மற்றது, நாற்பது ஐம்பது காலன் தண்ணீரை எந்நேரமும் சூடாகவே வைத்திருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டர். இரண்டிலும் எரிவது ஒரே எரிவாயு. இரண்டின் புகையும் தகரக் குழாய்கள் வழியே ஒரே சிம்னிக்குள் சேர்ந்து கூரைக்கு மேலே போகும். பல பத்தாண்டுகள் இப்படியே சிக்கலில்லாமல் ஓடிய வீடுகள் ஏராளம்.

பிறகு ஒருநாள் ஃபர்னஸ் படுத்துவிடுகிறது. அதன் இடத்தில் வரும் புதியது, எரிவாயுவின் வெப்பத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கறந்துவிடும் ரகம். 2009 டிசம்பர் 31 முதல் தயாரான வீட்டு ஃபர்னஸ்களுக்குக் கனடா 90 விழுக்காட்டைக் குறைந்தபட்சத் திறனாக வைத்தது; 2019 இல் அதை 95 ஆக உயர்த்தியது. இவ்வளவு வெப்பத்தைக் கறந்த பிறகு மிஞ்சும் புகை ஆறிப்போயிருக்கும். அதற்குச் சிம்னி வேண்டாம். சுவரில் துளை போட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயில் விசிறி வைத்துத் தள்ளிவிடலாம். வேலைக்காரர்கள் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கேஸ் பில் குறையும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி.

பழைய சிம்னியோடு தனியே மிஞ்சுவது வாட்டர் ஹீட்டர். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதற்கு ‘அனாதை ஹீட்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு கருவிகளின் புகைக்காகக் கட்டிய சிம்னி இப்போது ஒன்றுக்கு மட்டும் உழைக்கிறது. அதுவும் இரண்டில் சின்னதற்கு. இடம் தாராளமாகத்தானே இருக்கிறது, இதில் என்ன கெடுதல் என்று யாருக்கும் தோன்றும். கெடுதல் அந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பழைய தொட்டி வகை ஹீட்டரின் புகையை வெளியே தள்ள எந்த இயந்திரமும் கிடையாது. சூடான வாயு லேசானது, மேலே ஏறும். ஏறும்போது கீழே இருப்பதையும் சேர்த்து இழுக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல். புகையை மேலே இழுக்கும் விசையோ அதில் வெறும் சில பாஸ்கல். குழாய்க்குள் இருக்கும் வாயு சூடாக இருக்கும்வரைதான் அந்த அற்ப விசையும் இருக்கும். பெரிய சிம்னிக்குள் சிறிய ஹீட்டரின் புகையை விடுவது, ஒரு சொம்பு வெந்நீரை அண்டா நிறையப் பச்சைத் தண்ணீரில் ஊற்றுகிற மாதிரி. அண்டா சுடாது, சொம்பின் சூடும் போய்விடும்.

சூடு போனால் இரண்டு தொல்லைகள். முதலாவது தண்ணீர். இயற்கை எரிவாயு எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. மணிக்கு 40,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் சாதாரண வீட்டு ஹீட்டர் ஒரு மணி நேரம் முழுக்க எரிந்தால் வெளிவரும் நீராவியைக் குளிரவைத்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கிடைக்கும். புகை சூடாக இருந்தால் அத்தனையும் ஆவியாகவே கூரையைத் தாண்டிவிடும். சிம்னிச் சுவர் சில்லென்று இருந்தால் உள்ளேயே வியர்த்து வடியும். வடிவது வெறும் தண்ணீரும் அல்ல, அமிலம் கலந்தது. செங்கல்லுக்கு நடுவே உள்ள காரையை மெல்ல மெல்ல அரிக்கும். சில ஆண்டுகளில் சிம்னியின் வெளிப்புறம் வெள்ளை பூத்து, செங்கல் முகம் உரிந்து விழும்.

இரண்டாவது தொல்லை உயிர் சம்பந்தப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள ஹீட்டரின் தலையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தொட்டியின் உச்சியில் கவிழ்த்து வைத்த புனல் மாதிரி ஒரு தகரத் தொப்பி மூன்று நான்கு கால்களில் நிற்கும். தொட்டிக்கும் அதற்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவுக்கு இடைவெளி. இதற்கு டிராஃப்ட் ஹுட் என்று பெயர். புதிதாகப் பார்ப்பவருக்கு ஏதோ சரியாகப் பொருத்தாமல் விட்டது போலத் தெரியும். சிலர் அலுமினிய டேப் ஒட்டி அடைத்தும் விடுகிறார்கள். அடைக்கவே கூடாத வாய் அது. மேலிருந்து காற்று திருப்பி அடித்தால் அது நேரே பர்னரில் மோதாமல் பக்கவாட்டில் சிதறிப்போக அந்த இடைவெளி. குழாய் நன்றாக இழுக்கும்போது அதன் வழியே அறைக் காற்றும் உள்ளே போகும். குழாய் இழுக்காதபோது அதே வழியாகப் புகை அறைக்குள் கொட்டும்.

நன்றாக எரியும் பர்னரின் புகையில் கார்பன் மோனாக்சைடு சொற்பமாகவே இருக்கும். ஆனால் அறைக்குள் கொட்டிய புகையையே பர்னர் மறுபடி உள்ளிழுக்கத் தொடங்கினால் பிராணவாயு குறைகிறது, தீ அரைகுறையாக எரிகிறது, அந்த விஷவாயு மளமளவென்று கூடுகிறது. நிறமில்லை, மணமில்லை. தீ விபத்தோடு தொடர்பில்லாத கார்பன் மோனாக்சைடு நச்சால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இறப்பதாக அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. ஹீட்டர் மட்டும் அல்ல, ஃபர்னஸ், ஜெனரேட்டர், கார் எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

ஆகக் குழாய் சிறியதாக இருந்தால் புகை முழுவதும் நுழைய இடம் போதாமல் அறைக்குள் வழியும். பெரியதாக இருந்தால் ஆறிப்போய், எழ வலுவில்லாமல் அதே அறைக்குள் வழியும். நடுவில் ஒரு சரியான அளவு இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அட்டவணை பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த அட்டவணைகளுக்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் ஃபர்னஸ்கள் வெப்பத்தைத் தாராளமாக வீணடித்தன. அந்த வீண் வெப்பம்தான் சிம்னியைக் காய்ந்த நிலையில் வைத்திருந்தது. 1987 இல் அமெரிக்கா கொண்டுவந்த ஆற்றல் சேமிப்புச் சட்டம், 1992 முதல் வீட்டு ஃபர்னஸ்கள் குறைந்தது 78 விழுக்காடு திறனோடு இருக்க வேண்டும் என்றது. விசிறி வைத்த புதிய ஃபர்னஸ்கள் வந்தன, சிம்னிகள் உள்ளே நனையத் தொடங்கின. பழைய கட்டைவிரல் கணக்கு இனி உதவாது என்றானதும், பட்டெல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வென்ட்-2 என்ற கணினி நிரலைக் கொண்டு உயரம், நீளம், விட்டம், வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் புதிய அட்டவணைகளைப் போட்டார்கள். அமெரிக்காவின் தேசிய எரிவாயு விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 54 இல் அவை இருக்கின்றன. கனடாவில் இந்த வேலைக்கான விதிநூல் சி.எஸ்.ஏ. பி149.1.

அட்டவணைக்குள் நுழையுமுன் கையில் இருக்க வேண்டியவை: ஹீட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள பி.டி.யு. எண், டிராஃப்ட் ஹுட்டின் வாய் எத்தனை அங்குலம், அங்கிருந்து கூரைமேல் தொப்பிவரை உயரம் எத்தனை அடி, நடுவில் குழாய் எத்தனை அடி பக்கவாட்டில் போகிறது, எத்தனை வளைவு, குழாய் ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா. காலன் கணக்கு தேவையே இல்லை. தொட்டி எவ்வளவு பெரியது என்பதைப் பற்றிக் குழாய்க்கு அக்கறை கிடையாது. எவ்வளவு எரிகிறது என்பதுதான் அதற்குப் பொருட்டு.

ஓர் எடுத்துக்காட்டு. 40,000 பி.டி.யு. ஹீட்டர், 3 அங்குல வாய். ‘பி’ வகை எனப்படும் இரட்டைச் சுவர்க் குழாய், உயரம் 6 அடி. குழாய் ஹீட்டரின் தலையிலிருந்து வளையாமல் நேரே மேலே போனால் 3 அங்குலக் குழாய் 46,000 பி.டி.யு. வரை தாங்கும். நம் ஹீட்டருக்குப் போதும். ஆனால் நேர் மேலே உத்தரம் குறுக்கிடுகிறது, குழாயை 2 அடி தள்ளிக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே குழாயின் தாங்குதிறன் 36,000. போதாது. இரண்டே அடி, எல்லாம் மாறிவிட்டது. வழி இரண்டு. 4 அங்குலத்துக்கு மாறலாம். அதன் திறன் அந்த இடத்தில் 67,000. அல்லது குழாயை இன்னும் உயர்த்தலாம்; 10 அடி உயரத்தில், அதே 2 அடி விலகலோடு, 3 அங்குலக் குழாயே 42,000 தாங்கும். உயரம் கூடக்கூட இழுவை கூடும், பக்கவாட்டு நீளம் கூடக்கூட அது தேயும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

இதே அட்டவணையில் அவசரக்காரர்கள் விழும் ஒரு குழியும் இருக்கிறது. ஒவ்வொரு விட்டத்துக்கும் இரண்டு விதக் கணக்கு போட்டிருப்பார்கள்: விசிறி உள்ள கருவிக்கு ஒன்று, இயல்பான இழுவையில் ஓடுவதற்கு ஒன்று. மேலே சொன்ன 6 அடி உயரம், 2 அடி விலகல் இடத்தில் விசிறிக்கான பத்தியில் 51,000 என்று இருக்கும். தவறிப்போய் அதைப் படித்தால் 40,000 பி.டி.யு. ஹீட்டருக்கு 3 அங்குலம் தாராளம் என்று தோன்றும். தொப்பி வைத்த ஹீட்டருக்கு அந்தப் பத்தி பொருந்தாது.

பக்கவாட்டில் போகும் குழாய்க்கான எண்களிலேயே இரண்டு வளைவுகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் திறனில் 10 விழுக்காடு கழிக்க வேண்டும். 45 டிகிரி வளைவுக்கு 5 விழுக்காடு. தொப்பியின் தலையிலேயே வளைவை வைக்காமல் ஓரடியாவது நேரே ஏறவிட்டு வளைப்பது நல்லது என்று தயாரிப்பாளர்கள் பலர் கையேட்டில் எழுதுகிறார்கள். படுக்கையாகப் போகும் பகுதி ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது ஏறிக்கொண்டே போக வேண்டும். இரட்டைச் சுவர்க் குழாயைச் சுற்றி மரச்சட்டம் ஓர் அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். ஒற்றைச் சுவரானால் ஆறு அங்குலம்.

அட்டவணை சிறிய குழாயே போதும் என்று சொன்னால் தொப்பியின் வாயைவிடச் சிறியதைப் போடலாமா? உயரம் 10 அடிக்குக் குறையாமல் இருந்தால், ஓர் அளவு மட்டும் குறைக்க விதிநூல் சில இடங்களில் அனுமதிக்கிறது. ஆனால் வீட்டு ஹீட்டர்களில் பெரும்பாலானவை எங்கே மாட்டுமோ அங்கே கதவைச் சாத்திவிடுகிறது: 4 அங்குல வாயில் 3 அங்குலக் குழாயை மாட்டக்கூடாது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கடையில் 4 அங்குலம் இல்லை, ரெட்யூசர் போட்டுச் சமாளித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அது விதிமீறல். காரணமும் எளிது. 4 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு 12.6 சதுர அங்குலம், 3 அங்குலத்தில் 7.1. ஓர் அங்குலம் குறைத்ததில் பாதையில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது.

ஃபர்னஸும் ஹீட்டரும் ஒரே குழாயில் சேரும் பழைய ஏற்பாட்டுக்கு, இரண்டும் தொப்பி வைத்த வகையானால், மனக்கணக்காக ஒரு வழி உண்டு: பெரியதன் வாய்ப் பரப்போடு சிறியதன் வாய்ப் பரப்பில் பாதியைக் கூட்ட வேண்டும். 5 அங்குல ஃபர்னஸ் 19.6, 4 அங்குல ஹீட்டரில் பாதி 6.3, ஆகமொத்தம் 25.9 சதுர அங்குலம். 6 அங்குலக் குழாய் 28.3, சரியாக இருக்கும். அந்தப் பெரிய 5 அங்குலக் கருவி போய்விட்டால், மிச்சம் இருக்கும் 4 அங்குலத்துக்கு 6 அங்குலக் குழாய் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது.

எவ்வளவு பெரியதாக இருந்தால் அளவு மீறியது? குழாயின் பரப்பு தொப்பி வாயின் பரப்பைப்போல ஏழு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது விதிநூலின் உச்சவரம்பு. 3 அங்குல வாய்க்கு ஏழு மடங்கு 49.5 சதுர அங்குலம். 8 அங்குல வட்டக் குழாய் 50.3. மயிரிழையில் தோல்வி. வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் செங்கல் சிம்னிக்கு இந்த ஏழு மடங்கு வரம்புகூடப் போதாது. ஊரின் குளிர்கால வெப்பநிலையைப் பொறுத்துத் தனி அட்டவணை பார்க்க வேண்டும். ஜனவரி மாதம் மூன்று பக்கமும் பனிக்காற்று படும் சிம்னியை ஒரு வாட்டர் ஹீட்டர் தனியாகச் சூடாக்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

அனாதை ஹீட்டருக்கான பரிகாரம் அப்படியொன்றும் பெரிதல்ல. பழைய சிம்னிக்குள் மேலிருந்து அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த வளையும் குழாயை, ஹீட்டருக்கு ஏற்ற அளவில், இறக்கிவிடுவார்கள். இதை லைனர் என்கிறார்கள். ஃபர்னஸ் மாற்றும் அன்றே சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. விலைப்பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. ஒன்டாரியோவில் வாட்டர் ஹீட்டரைப் பெரும்பாலோர் வாடகைக்கு எடுப்பதால், ஃபர்னஸ் ஒரு கம்பெனி, ஹீட்டர் இன்னொரு கம்பெனி என்று ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் சிம்னிக்கு யாரும் பொறுப்பில்லை. வாசலில் வந்து நின்று இந்தச் சாமான்களை விற்பதை அந்த மாகாணம் 2018 இல் தடைசெய்ய வேண்டி வந்தது என்றால் அந்த வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தன் வீட்டுக் குழாய் ஒழுங்காக இழுக்கிறதா என்பதற்குச் சில தடயங்கள் கண்ணிலேயே படும். தொட்டி உச்சியில் தண்ணீர்க் குழாய்கள் நுழையும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் வளையங்கள் உருகிக் கோணியிருந்தால் அங்கே சூடான புகை வழிந்திருக்கிறது. உச்சியில் துரு, தகரக் குழாயின் இணைப்புகளில் வெள்ளைப் பொடி, பேஸ்மென்ட் ஜன்னலில் காரணமில்லாத ஈரம் ஆகியவையும் அதே ஜாதி. விதிநூல் சொல்லும் சோதனையும் எளிதானது. ஜன்னல், கதவுகளைச் சாத்தி, சமையலறை எக்ஸாஸ்ட், குளியலறை விசிறி, துணி உலர்த்தும் மெஷின் எல்லாவற்றையும் ஓடவிட்டு, பர்னரை எரியவைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் தொப்பியின் ஓரத்தில் ஊதுபத்திப் புகையைக் காட்ட வேண்டும். புகை உள்ளே போனால் நல்லது. அறைப்பக்கம் திரும்பினால் ஹீட்டரை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிட வேண்டும்.

விசிறிகளை ஓடவிடச் சொல்வது சும்மா இல்லை. மீன் பொரிக்கவும் மிளகாய் தாளிக்கவும் நம்மவர்கள் தேடித்தேடி வாங்கும் பலமான எக்ஸாஸ்ட், வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். குளிருக்காக இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் அதற்குக் கிடைக்கும் திறந்த வாய் ஹீட்டரின் சிம்னிதான். சில பாஸ்கல் இழுவை, அடுப்படி விசிறியோடு மல்லுக்கட்ட முடியாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். ஒன்டாரியோவின் வூட்ஸ்டாக்கில் 2008 இல் கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு காவல்துறை அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அவர்கள் பெயரிலேயே 2013 இல் சட்டம் வந்தது; எரிபொருள் எரியும் கருவி உள்ள வீடுகளில், தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் அங்கே கட்டாயம்.

விசிறியால் தள்ளும் பவர் வென்ட் ஹீட்டருக்கும், சுவரில் மாட்டும் தொட்டியில்லாத ஹீட்டருக்கும் இந்த அட்டவணைகள் பொருந்தா. எத்தனை அங்குலக் குழாய், அதில் அதிகபட்சம் எத்தனை அடி, ஒரு வளைவுக்கு எத்தனை அடி கழிப்பது என்பதெல்லாம் அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். அங்கே அதுதான் சட்டம்.

குழாயே வைக்காத ஹீட்டரிலிருந்துதான் இந்தச் சாமானின் வரலாறே தொடங்குகிறது. 1868 இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்பவர் ‘கீசர்’ என்ற பெயரில் செய்த வெந்நீர்க் கருவியில் புகை வெளியேற வழியே கிடையாது. இந்தியக் குளியலறைகளில் மாட்டும் சிறிய எல்.பி.ஜி. கீசர்கள் பலவற்றின் நிலை இன்றும் அதுதான். சென்னையில் இது அபூர்வம். இங்கே கரண்ட் கீசர் போதும். பெங்களூரு, புனே, வட இந்திய நகரங்களில் குளிர்காலத்தில் குளிக்கப் போனவர் மயங்கிக் கிடந்தார் என்ற செய்தி தவறாமல் வரும்.

கணக்குப் போட்டால் விளங்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் எல்.பி.ஜி. கீசர் ஏறத்தாழ 12 கிலோவாட் எரிக்கிறது. அதாவது டொராண்டோ பேஸ்மென்ட்டில் நிற்கும் தொட்டியின் அதே 40,000 பி.டி.யு. நூறு பி.டி.யு. எரிய ஒரு கன அடி காற்று வேண்டும். பத்து நிமிடக் குளியலுக்கு 65 கன அடிக்கு மேல். 5 அடி அகலம், 7 அடி நீளம், 9 அடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 315 கன அடிதான். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு குளியலில் காலி. அதற்கு முன்பே தீ கெட்டு எரியத் தொடங்கியிருக்கும். இங்கே குழாயின் விட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கீசரை வெளியே, திறந்த பால்கனியிலோ பின்கட்டிலோ மாட்டிவிட்டு, வெந்நீரை மட்டும் குழாயில் குளியலறைக்குள் கொண்டுவர வேண்டும்.